அலமாரியில் இருக்கும் தட்டுகளும் திருப்பிக் கொடுக்காத ஒரு கேசட்டும்



போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த பழைய மாணவி ஒருத்தி, நான் காப்பி போட உள்ளே போன நேரத்தில் முன்னறை அலமாரியைப் படம் எடுத்துப் போட்டுவிட்டாள். "நம்ம கணக்கு டீச்சர் வீட்டுல என்ன இருக்குன்னு பாருங்க" என்று மேலே ஒரு வரி வேறு. அன்றைக்கு ஆரம்பித்த போன் இன்னும் நிற்கவில்லை. "டீச்சர், நீங்களா? டிஸ்கோவா?" என்று 1994 செட் கேட்கிறது. "சித்தி, இவ்வளவு நாள் எங்களுக்கே தெரியாதே" என்று கோயம்புத்தூரில் இருந்து ஒருத்தி. ஒருவன் மட்டும், "டீச்சர், படத்துல மூணாவது வரிசையில இருக்கிறது சால்சோல் பன்னிரண்டு இன்ச்சா?" என்று கேட்டான். அவனுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன்.

மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் நான் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று கடைசியில் வருகிறது. நீளமாக இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக 1988ல் பத்தாம் வகுப்பு பி பிரிவில் இருந்தவர்கள்.

அலமாரியில் 412 தட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞர்கள் செய்த டிஸ்கோ, ஃபங்க், ஹவுஸ் இசை. இதெல்லாம் தூத்துக்குடியில் ஒரு கணக்கு டீச்சருக்கு எப்படி வந்தது என்றால், அண்ணனால் வந்தது. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தான். அண்ணன் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள்; உங்கள் அப்பா வீட்டுக்கு வரும்போது மற்றவர்கள் வீட்டு அண்ணன்மார் போல சென்டும் சேலையும் கொண்டு வந்தது குறைவு. 1977 கடைசியில் வந்தபோது ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயரும், துணிக்கு நடுவே சுற்றி வைத்த ஏழு தட்டுகளும் கொண்டு வந்தான். நியூயார்க்கில் இறங்கியபோது ஒரு கடையில் என்ன ஓடிக்கொண்டிருந்ததோ அதையே கேட்டு வாங்கி வந்ததாகச் சொன்னான். அம்மா முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதுவரை எனக்குத் தெரிந்த இசை ஆலயத்தில் பாடகர் குழுவும் சிலோன் ரேடியோவும்தான். அண்ணன் கொண்டு வந்ததில் ஒரு தட்டு பெரியது; ஆனால் பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. பெரிய தட்டு என்றால் 33 வேகம்தானே என்று அப்படியே போட்டுக் கேட்டேன். கனமான ஆண் குரல், மெதுவாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு மாதம் கழித்து அண்ணன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அது 45 வேகத்தில் ஓட வேண்டிய தட்டு, பாடுவது ஒரு பெண். சரியான வேகத்தில் கேட்டபோது முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பெரிய தட்டில் ஒரே பாட்டு ஏன் என்பது பல வருடம் எனக்குப் புதிராக இருந்தது. அந்தக் கதை இதுதான். நியூயார்க்கில் டாம் மோல்டன் என்று ஒருவர். நடன விடுதிகளில் ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். சூடு பிடிக்கும் நேரத்தில் மூன்று நிமிடப் பாட்டு முடிந்துவிடுகிறதே என்று, பாட்டுகளை வெட்டி ஒட்டி நீளமாக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் சோதனைத் தட்டு வெட்டப் போனபோது ஏழு அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோயிருந்தது. பத்து அங்குலத்தில் வெட்டினார்கள். இவ்வளவு பெரிய தட்டில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கோடு இருப்பது பார்க்கச் சகிக்கவில்லை, பரப்பி வெட்டுங்கள் என்றார் மோல்டன். பரப்பினார்கள். சத்தம் கூடி, ஆழம் கூடி, வேறு பாட்டு போல வந்துவிட்டது. அதிலிருந்துதான் பன்னிரண்டு அங்குலத் தட்டு. 1976ல் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் "டென் பெர்சென்ட்" கடைக்கு விற்பனைக்கே வந்தது. வால்டர் கிப்பன்ஸ் என்ற டி.ஜே. அதை ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டியிருந்தார். அண்ணன் கொண்டு வந்த ஏழில் அதுவும் ஒன்று.

ஏன் சத்தம் கூடுகிறது? என் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போகக் கூடாது. எல்.பி.யில் ஒரு பக்கம் 22 நிமிடம் என்றால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 733 சுற்றுக் கோடு. அதே அகலத்தில் ஒன்பது நிமிடப் பாட்டு மட்டும் என்றால் 300 சுற்று போதும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு மடங்குக்கு மேல் இடம். கனமான தாழ்ந்த ஒலிக்குக் கோடு அகலமாக வளைந்தாக வேண்டும்; இடம் இருந்தால்தான் பக்கத்துக் கோட்டில் முட்டாமல் வளைய முடியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஒரு பாட்டு நிமிடத்துக்கு 133⅓ அடி என்ற வேகத்தில் பதிவாகியிருந்தால், நான்கு அடிக்குச் சரியாக ஒரு சுற்று. தட்டின் நடுத் தாளில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தால், ஒவ்வொரு முதல் அடிக்கும் புள்ளி அதே இடத்துக்கு வந்து நிற்கும். டிஸ்கோ பெரும்பாலும் 120 பக்கம் இருப்பதால் புள்ளி நகர்ந்துகொண்டே போகும். "டீச்சர், பிளேயரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால்?" என்று ஒருவன் கேட்பான் என்று தெரியும். கூட்டினாலும் புள்ளி நிற்காது. ஏன் என்று கீழே எழுதுங்கள்.

அந்த நான்கு அடி எங்கிருந்து வந்தது என்றால் பிலடெல்பியாவிலிருந்து என்பார்கள். சிக்மா சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் எர்ல் யங் என்ற டிரம் கலைஞர். 1973ல் ஹெரால்ட் மெல்வின் குழுவுக்காக "தி லவ் ஐ லாஸ்ட்" பதிவாகும்போது, மெதுவான சோகப் பாட்டாக இருந்ததை வேகமாக்கிப் பார்த்தார்கள். எர்ல் யங் கால் டிரம்மை நான்கு அடிக்கும் சமமாக மிதித்து, இடையிடையே ஹை-ஹாட் தட்டைத் திறந்து மூடினார். "தும் ட்ஸ் தும் ட்ஸ்" என்று நீங்கள் கேலி செய்கிறீர்களே, அதுதான். வார்த்தை என்னவோ காதல் தோல்வி. கால் மட்டும் சும்மா இருக்காது. எனக்கு டிஸ்கோவில் பிடித்ததே இந்த முரண்தான். ஆலயத்தில் துக்க வீட்டு ஜெபத்துக்கே பாட்டியம்மாமார் கை தட்டிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இது புதிதாகவும் இல்லை.

ஃபங்க் எனக்குத் தாமதமாகப் புரிந்தது. பி.எட். படிக்க மெட்ராஸ் போன வருடம் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டில் உறை கிழிந்த ஜேம்ஸ் பிரவுன் தட்டு ஒன்று எட்டு ரூபாய்க்குக் கிடைத்தது. விடுதியில் பிளேயர் கிடையாது. நான்கு மாதம் அதைப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊருக்கு வந்து போட்டால், பாட்டே நகரவில்லை, ஒரே இடத்தில் நின்று சுழல்கிறது. அப்புறம்தான் பிடிபட்டது. எல்லா வாத்தியமும் எங்கெங்கோ அலைந்துவிட்டு முதல் அடியில் ஒன்றாக வந்து இறங்குகிறது. நம் தாளத்தில் சமத்துக்கு வந்து சேர்வது போல. 1967ல் வந்த "கோல்டு ஸ்வெட்" கேட்டுப் பாருங்கள். அதில் டிரம் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு பிறகு "ஃபங்கி டிரம்மர்" என்ற பாட்டில் சில விநாடி தனியாக வாசித்ததை உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பாட்டுகளில் வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மனிதருக்குப் பாட்டில் உரிமை இல்லாததால் ராயல்டி வரவில்லை. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோன செய்தியைப் பேப்பரில் பார்த்து, நான் வாங்காமல் விட்டுவந்த தட்டுகளை நினைத்து அழுதேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.

1980ல் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு எல்லாம் ஒளித்து வைத்துத்தான். கல்யாணமாகிப் போன வீட்டில் தட்டுகள் அரிசிப் பானைக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியில். மாமியார் சாயங்கால ஜெபக் கூட்டத்துக்குப் போகும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு. உங்கள் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. ஜன்னலை மட்டும் சாத்திவிடுவார். பள்ளியில் நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். கஞ்சி போட்ட சேலை, கையில் ஸ்கேல், நடந்து வரும் செருப்புச் சத்தத்துக்கே வகுப்பு அடங்கும். அந்த டீச்சர் வீட்டில் சமையல்கட்டில் நின்று ஷீக் குழுவின் "குட் டைம்ஸ்" பாட்டுக்குத் தோளை ஆட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறாள் என்று தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று பயம். சின்ன வயதுப் பெண் ஆசிரியைக்கு அந்தக் காலத்தில் அந்தப் பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை.

இப்போது அந்த விஷயம்.

1988. பத்தாம் வகுப்பு பி. வட்டத்தின் தொடுகோடு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது பின்னால் கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரத்தில், ஒருவன் விரலால் தட்டுகிறான். சாதாரணமாகப் பையன்கள் தட்டுவது குத்துப் பாட்டுத் தாளம், கேட்டால் தெரியும். இவன் தட்டியது நான்கு சமமான அடி, நடுவே நகத்தால் சின்னச் சின்ன இடைத் தட்டு. எனக்குக் கையில் சாக்பீஸ் நின்றுவிட்டது. இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்த ஒன்று.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். நான் அவனை எழுப்பினேன். பையைக் கொட்டச் சொன்னேன். ஒரு கேசட் விழுந்தது. பஹ்ரைனில் இருக்கும் மாமா அனுப்பியது என்றான். என்ன பாட்டு என்றேன். "புதுசு டீச்சர், பாட்டே இருக்காது, மெஷின்ல வாசிப்பாங்க" என்று ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தான். திட்டு வாங்கும்போதுகூட அதைப் பற்றிச் சொல்ல அவனுக்கு ஆசை. நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "ஒங்க அப்பா அளத்துல உப்பு மிதிச்சுக் கால் வெடிச்சு நிக்கிறாரு. நீ இங்க டப்பாச் சத்தம் கேட்டுக்கிட்டுத் தாளம் போடுறியோ?" வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அவனை அந்தப் பீரியட் முழுக்க முழங்கால் போட வைத்தேன்.

கேசட்டைப் பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்றேன்.

அன்று ராத்திரி அதை டேப்பில் போட்டேன். லண்டன் பக்கம் யாரோ ரேடியோவிலிருந்து பதிவு செய்து கைமாறிக் கைமாறி வந்தது போல இருந்தது. நடுநடுவே இங்கிலீஷ்காரர் ஒருவர் பேசினார். முதல் பக்கம் வேகமான மெஷின் டிரம். இரண்டாம் பக்கத்தில் ஒன்று வந்தது. ஆழமான பேஸ் நான்கைந்து சுரத்தில் நடக்கிறது. மேலே ஆர்கன் போல மெத்தென்ற நாதம், ஞாயிறு காலை ஆராதனை தொடங்குவதற்கு முன் ஆலயத்தில் வாசிப்பார்களே அப்படி. அதே நான்கு அடி. பாடகர் இல்லை, வயலின் கூட்டம் இல்லை. டிஸ்கோவின் வீட்டில் எல்லாரும் போன பிறகு விளக்கை மட்டும் விட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது எனக்கு. பிள்ளை தூங்கிவிட்டாள், அவரும் தூங்கிவிட்டார், நான் அதைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை கேட்டேன்.

பரீட்சை முடிந்தது. கடைசி நாள் அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். எதற்கு நிற்கிறான் என்று தெரியும். கேசட் என் வீட்டில் டேப்புக்குள் இருந்தது. நான் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். பாஸ் ஆனான், கணக்கில் நல்ல மார்க். பதினொன்றில் எங்கள் பள்ளியில் சேரவில்லை. உப்பளத்துக்குப் போனதாக ஒருவர் சொன்னார், பஹ்ரைன் போனதாக இன்னொருவர் சொன்னார்.

மறந்துபோய்க் கொடுக்காமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எனக்கு அது வேண்டும் என்பதால் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டின் பெயர் தெரிய 24 வருடம் ஆனது. 2012ல் அண்ணன் மகன் வந்தபோது கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அவன் போனை நீட்டி ஷாஸாம் என்ற ஒன்றைத் தொட்டான், சில விநாடியில் எழுத்து வந்துவிட்டது: மிஸ்டர் ஃபிங்கர்ஸ், "கேன் யூ ஃபீல் இட்", 1986, சிகாகோ. லாரி ஹேர்டு என்ற டிரம் கலைஞர் சிந்தசைசரும் டிரம் மெஷினும் வைத்துத் தனியாளாகச் செய்தது. அதற்குப் பிறகு சிகாகோவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

படித்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1979 ஜூலை 12, சிகாகோவில் கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரு ரேடியோ அறிவிப்பாளருக்கு டிஸ்கோ பிடிக்காது. டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டு வந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளையெல்லாம் மைதானத்தில் வைத்து வெடி வைத்துத் தகர்ப்பது என்று ஏற்பாடு. ஐம்பதாயிரம் பேர் அளவுக்குக் கூடிவிட்டார்கள். வெடித்ததும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, தரை நாசமாகி, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் ஒருவன் இருந்தான். சிந்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவன். கூட்டம் கொண்டு வந்து போட்ட தட்டுகளில் எத்தனையோ டிஸ்கோவே இல்லை, ஸ்டீவி வொண்டர், மார்வின் கே போன்ற கறுப்பினப் பாடகர்களின் தட்டுகள் என்பதைக் கவனித்ததாகப் பின்னாளில் சொன்னார். நடன விடுதிகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் யார் என்று பார்த்தால், கறுப்பர்கள், லத்தீன் மக்கள், ஆணை விரும்பும் ஆண்கள். வெளியே எங்கும் இடம் இல்லாதவர்கள். அதே சிகாகோவில் 1977லிருந்து வேர்ஹவுஸ் என்ற விடுதியில் ஃபிரான்கி நக்கிள்ஸ் தட்டு சுழற்றிக்கொண்டிருந்தார். ஊரே டிஸ்கோ செத்தது என்றபோதும் அவர் அதை விடவில்லை. புதுத் தட்டு வருவது குறைந்ததும் பழையதை வெட்டி ஒட்டி, மெஷின் டிரம் சேர்த்து ஓட்டினார். வேர்ஹவுஸில் ஓடுகிற இசை என்பதுதான் சுருங்கி "ஹவுஸ்" ஆனது. அந்த இருக்கை காட்டிய பையன் 1984ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து செய்த "ஆன் அண்ட் ஆன்" தட்டைத்தான் முதல் ஹவுஸ் தட்டு என்று பலரும் சொல்கிறார்கள்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தொடுகோடும் முழங்கால் போட்டவனும் வந்துகொண்டே இருந்தார்கள்.

தட்டுகளை என்ன செய்யப் போகிறேன் என்று மகள் கேட்கிறாள். 2014ல் ஃபிரான்கி நக்கிள்ஸ் இறந்த பிறகு அவருடைய சுமார் 5,000 தட்டுகளைச் சிகாகோவிலேயே ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற பழைய வங்கிக் கட்டடத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். என் 412க்கு அப்படி ஒன்றும் வேண்டாம். கேட்கிற ஆள் யாராவது வந்து தூக்கிக்கொண்டு போனால் சந்தோஷம். முன்பு சொன்னேனே, சால்சோல் கேட்டவன், அவன் கண்ணில் ஏற்கெனவே பட்டுவிட்டது. ஒன்று மட்டும் யாருக்கும் கிடையாது: மும்பையில் சரண்ஜித் சிங் 1982ல் செய்த பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த தட்டு. என்னிடம் இருப்பது 2010 மறுபதிப்புதான், ஆனாலும் தர மாட்டேன்.

சரி. 1988 பத்தாம் வகுப்பு பி பிரிவில் இருந்தவர்களுக்கு. அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும், அன்று சிரித்தவர்கள் நீங்கள்தான். உங்களைச் சிரிக்க வைத்தது நான். அவன் இருக்கும் இடமோ நம்பரோ யாருக்காவது தெரிந்தால் கீழே போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவனிடம் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பேச விருப்பம் இல்லை என்றால் அதையும் வந்து சொல்லுங்கள்.

கேசட் அப்படியே இருக்கிறது. நாடா கொஞ்சம் இழுத்துப்போயிருக்கிறது, இரண்டாம் பக்கம் மட்டும் தெளிவாக ஓடுகிறது. கூடவே அந்தப் பாட்டின் பன்னிரண்டு அங்குலத் தட்டும் ஒன்று வாங்கி, உறை பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அவனிடம் பிளேயர் இல்லையென்றால் என்னிடம் இரண்டு இருக்கிறது.